குழி வெட்டுகிற மாமா

அக்காவுக்குப் பார்த்த மாப்பிள்ளை என்ன வேலை செய்கிறார் என்று அப்பா கேட்டதற்குத் தரகர், "குழி வெட்டுறாரு" என்று மட்டும் சொன்னார். அப்பாவின் முகம் செத்துவிட்டது. "கல்லறைத் தோட்டத்துலயா?" என்றார். கோல்ஃப் மைதானத்தில் என்று தரகர் விளக்குவதற்குள் அம்மா உள்ளே அழ ஆரம்பித்திருந்தார்.

அந்த மாப்பிள்ளைதான் என் மாமா. முப்பது வருடமாக அதே குழிதான். பந்து கடைசியில் போய் விழுகிற குழி ஒரே இடத்தில் இருந்தால், சுற்றிலும் மிதிபட்டுப் புல் செத்துப்போகும். அதனால் தினமும் ஆட்டக்காரர்கள் வருவதற்கு முன்பு புதுக்குழி வெட்ட வேண்டும். அகலம் நாலே கால் அங்குலம். உருளையாக வெட்டியெடுத்த மண்ணையும் புல்லையும் அப்படியே பழைய குழிக்குள் இறக்கி மூடுவார். மூடியதும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். ஒட்டு கையில் தட்டினால் மறுபடி எடுத்து முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

"கண்ணுகிட்ட புல்லு பொய் சொல்லும் மச்சான், கைகிட்ட சொல்லாது" என்பார். மற்றபடி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்கு நரைத்துவிடும்.

பேரைச் சொன்னாலே ஆடுகிறவர்களுக்குக் கண் விரிகிற மூன்று மைதானங்களில் அவர் வேலை பார்த்தார். புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்க்க என்னையும் சேர்த்துவிட்டதால், நானும் வாலாகப் பின்னால் போனேன்.

முதலாவது கடலோரம். காற்று பலமாக அடித்தால் பந்து குழிக்குப் போகாமல் அலைக்குப் போகும். அக்கா கல்யாணமாகி வந்த வீடு அங்கேதான் இருந்தது. இரண்டே அறை, ஜன்னல் கம்பியெல்லாம் உப்பு. அவள் அங்கே சிரித்த மாதிரி வேறெங்கும் சிரித்து நான் பார்த்ததில்லை. அங்கிருந்து கிளம்பும் நாளில் மாமா மேலாளரிடம் கேட்டு, மைதானத்தின் ஓரத்தில் ஒரு உருளை புல்லை வெட்டி அவளிடம் நீட்டினார். "அவனவன் பொண்டாட்டிக்கு நகை வாங்கித் தர்றான், எனக்கு வாய்ச்சது புல்லு" என்று நொடித்தாள். ஆனால் வழி முழுக்க அதை மடியிலிருந்து இறக்கவில்லை.

இரண்டாவது மலை. மேலே காற்று மெலிது என்பதால் பந்து கூடுதல் தூரம் போகும். அதைத் தங்கள் கைவரிசை என்று நினைத்துக்கொண்டு ஆட்டக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்துவார்கள். பனிமூட்டத்தில் குழியில் நட்ட கொடி தெரியாது. முன்னால் போனவர்கள் மணி அடித்தால்தான் பின்னால் இருப்பவர்கள் பந்தை அடிக்கலாம். எனக்கு அந்தக் குளிரைக் கண்டாலே ஆகாது. தொட்டியில் வைத்திருந்த அக்காவின் புல்லுக்கும் ஆகவில்லை. வெளிறிப்போய் அடுப்படி ஜன்னலில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தது.

மூன்றாவது பாலைவனம். மணலுக்கு நடுவே குழாய்த் தண்ணீரை நம்பி வளர்த்த பச்சை. அங்கே போனதும் தொட்டிப் புல்லுக்கு வாழ்வு வந்துவிட்டது. அக்கா அதை அகலத் தொட்டிக்கு மாற்றி, கத்தரிக்கோலால் முடி வெட்டுவதுபோல் வெட்டிவிடுவாள். மூன்றாம் வருடம் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாகிவிட்டது. குழிகளைச் சுற்றியிருந்த புல் கருக ஆரம்பித்தது. மாமா செய்யாத வைத்தியம் இல்லை. ஒன்றும் பலிக்கவில்லை.

மேலாளர் வந்து பார்த்தார். "ரெண்டு மாசம் பாப்போம். சரியாகலைன்னா பிளாஸ்டிக் புல்லு விரிச்சிடலாம்."

பிளாஸ்டிக்கில் ஒருமுறை குழி போட்டால் போட்டதுதான். தினமும் வெட்ட ஆள் தேவையில்லை. அக்கா மூன்றாவது முறையாகச் சாமானைக் கட்ட வேண்டும். மாமா கருகிய இடத்தைத் தடவிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

வாசலில் அக்கா தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அதே உப்புத் தண்ணீர். புல் மட்டும் விரலை விட்டால் தரை தட்டாத அளவுக்கு அடர்த்தி. அக்கா தண்ணீர்க் குவளையைப் பார்த்தாள், புல்லைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள்.

"கடல்ல உப்பு குடிச்சு வளர்ந்ததுல்ல இது? உங்களுக்கு எத்தனை நாளா தெரியும்?"

"தண்ணி உப்பானப்பவே."

"வாய்க்கு என்ன பூட்டா போட்டிருந்தீங்க? ஏன் கேக்கல?"

"அது உன்னோடது."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. விறுவிறுவென்று உள்ளே போய், குழி வெட்டும் கருவியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். "வெட்டுங்க."

தொட்டியின் நடுவில் நாலே கால் அங்குலத்துக்குக் குழி விழுந்தது. எடுத்த உருளையைக் கொடி கொடியாகப் பிரித்துப் பயிற்சி மைதானத்தின் ஒரு மூலையில் நட்டார். நான் நம்பவில்லை. "தலைமுடி மாதிரி நாலு வேரை நட்டுட்டு உக்காந்திருக்கீங்களே மாமா" என்று தினமும் அவர் உயிரை வாங்கினேன். மூன்றாவது வாரம் கொடி ஓடத் தொடங்கியது. இரண்டாவது மாதம் மேலாளர் வந்தபோது, ஒரு கட்டில் அளவுக்குப் பச்சை படர்ந்திருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நின்றார். "எல்லா இடத்துக்கும் இதையே போடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு மாமா அந்தப் பச்சையில் முதல் குழியை வெட்டினார். எடுத்த உருளையைக் கையில் ஏந்தி வீட்டுக்கு வந்து, அக்காவின் தொட்டிக் குழிக்குள் இறக்கினார். ஒரே கருவி வெட்டியது என்பதால் பிசகாமல் உட்கார்ந்தது. பிறகு அக்காவின் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார்.

"கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பாரு. ஒட்டு தெரியுதா?"

அக்கா கண்ணை மூடித் தடவினாள். மெதுவாக, இரண்டு முறை.

"எங்க வெட்டினீங்கன்னே தெரியல" என்றாள். கையை மட்டும் எடுக்கவில்லை.