நாகையா துரையைப் பார்க்கப் போனது

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் நாகையாவைத் தெரியாதவர் இல்லை. பட்டறையில் பதினாலு வருஷமாகச் சம்மட்டி அடிக்கிறவர். வம்புதும்புக்குப் போகாதவர். அப்பேர்ப்பட்ட மனுஷன் 1936இல் சொந்த மகனின் படிப்பில் தன் கையாலேயே மண்ணைப் போட்டார். நல்ல எண்ணத்தோடு போட்டார் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

மகன் ராதாகிருஷ்ணன் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவன். செர்டாங் பக்கத்து விவசாயக் கல்லூரியில் செலவில்லாமல் படிக்க, ரயில்வே தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒரே ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். நேர்முகத்துக்கு ஆறு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். காலையில் கேள்வி; மத்தியானம் கல்லூரியைச் சுற்றிக் காட்டுவார்கள். இது கை நழுவினால் அவனுக்கும் பட்டறைதான்.

வீடு அமளிதுமளிப்பட்டது. ஸ்டேஷனில் கணக்கெழுதும் கிராணி சிவகுருநாதன் தன் கோட்டை இரவல் கொடுத்தார். அது தொளதொளவென்று தொங்கியது. தாய் வீரம்மா உட்பக்கம் மடித்துத் தைத்தாள். பையன் கண்ணாடி முன் நின்று தானே இங்கிலீஷில் கேள்வி கேட்டுத் தானே பதில் சொன்னான். எழுதப் படிக்கத் தெரியாத நாகையாவுக்கு மட்டும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அது அவரை உள்ளுக்குள் அரித்தது.

அந்தச் சமயத்தில்தான் தேர்வுக் குழுவில் தங்கள் பட்டறைத் துரையும் இருக்கிறார் என்று காதில் விழுந்தது. தீபாவளிக்கும் வருஷப் பிறப்புக்கும் வாழைப்பழத் தட்டும் எலுமிச்சம்பழமுமாகப் போய்த் துரையைப் பார்ப்பது பட்டறைக்காரர்களின் வழக்கம். மகனுடைய காரியத்துக்குப் பார்க்காமல் இருந்தால் மரியாதையா? நேர்முகத்துக்கு முந்தின நாள் பங்களாவுக்குப் போனார். துரை குளித்துக்கொண்டிருந்தார். சமையல்காரனிடம் தட்டைக் கொடுத்து, மகன் பேரை இரண்டு தரம் சொல்லிவிட்டு வந்தார். வீட்டில் மூச்சு விடவில்லை. இடம் கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு சின்ன கர்வம்.

மறுநாள் செர்டாங்கில் மகன் உள்ளே போனான். தகப்பன் வராந்தாவில் நின்றார். கொஞ்ச நேரத்தில் கதவருகே இருந்த கல்லூரிக் கிராணி வெளியே வந்தார்.

"அண்ணே, மெம்பருங்கள முன்கூட்டியே போய்ப் பாத்தா பேர அடிச்சிருவாங்கன்னு விண்ணப்பப் பாரத்துலயே போட்டிருக்கு. ஒங்க வீட்டுலேர்ந்து பழம் வந்துச்சுன்னு ஒரு தொரை சொல்றாரு. யாரும் வரலன்னு ஒங்க பையன் சாதிக்கிறாரு. பொய் சொல்றாருன்னு நெனைக்கிறாங்க லா."

மகன் அந்தப் பாரத்தைப் படித்திருந்தான். தன் அப்பா போவார் என்று அவன் எங்கே கண்டான்? நாகையா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கேட்காமலே உள்ளே நுழைந்தார்.

"தொர, நாந்தாங்க கொண்டாந்தேன். அவனுக்குத் தெரியாது. எம்புள்ள பொய் சொல்லல."

பட்டறைத் துரைக்குத் தமிழ் தெரியும். மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னார். தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு பட்டறைத் துரையே திரும்பிச் சொன்னார்:

"சட்டம் சட்டந்தான், நாகையா. இந்த வருஷம் பேர் இல்ல. பையன் மேல குத்தம் எழுதல. அடுத்த வருஷம் போடட்டும்."

வெளியே வந்ததும் ராதாகிருஷ்ணன் கேட்டான்: "ஏம்பா போனீங்க?"

"ஆளாளுக்கு ஒண்ணு செஞ்சாங்க. நான் சும்மா..." இரும்பை அடித்துக் காய்த்துப்போன கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகனுக்குக் கோபம். இருக்காதா பின்னே? வெகு நேரம் அவர் முகத்தையே பார்க்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு மற்ற ஐந்து பேரும் கல்லூரியைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள். அவன் சட்டென்று கோட்டைக் கழற்றி அப்பா கையில் திணித்துவிட்டு, கூட்டிப்போகிறவரிடம் ஓடி ஏதோ கேட்டான். அவர் தலையசைத்தார்.

"வாங்கப்பா" என்றான்.

மாட்டுக் கொட்டகை, நாற்றங்கால், ரப்பர் ஒட்டுக் கட்டும் இடம், எல்லாவற்றையும் பார்த்தார்கள். பேர் அடிபட்டவன்தான் ஐந்து பேரையும் விட அதிகம் கேள்வி கேட்டான். நாகையா கோட்டை மார்போடு அணைத்தபடி பின்னால் நடந்தார். ஒன்றும் கண்ணில் படவில்லை.

"அடுத்த வருஷம் இதையெல்லாம் கேப்பாங்கப்பா. இப்பவே பாத்து வச்சுக்கறேன்." பையன் திரும்பினான். "நீங்க அதுவரைக்கும் அந்தப் பங்களாப் பக்கமே போகாதீங்க."

"சரிங்க" என்றார் நாகையா. பெற்ற மகனிடம் அப்படிச் சொன்னதை அவரே கவனிக்கவில்லை.