லெட்சுமி அவிழ்த்து வைத்த மல்லிகை

சபையில் சாட்சி சொல்ல அழைத்தால் நான் பின்வரிசைக்குப் போய்விடுவேன். சந்தோஷமாக மட்டும் சொல்லி முடிக்கிற சாட்சி இல்லை என்னுடையது. இன்று சொல்லிவிடுகிறேன்.

பத்து வருடத்துக்கு முன்னால், எழுபதுகளின் நடுவில், ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருந்தோம். மழை விடாமல் பெய்த நவம்பரில் என் மகள் கிருபா பிறந்தாள். பிரசவத்துக்குப் பின் எனக்குக் கடுங்காய்ச்சல். காய்ச்சல் இறங்கியபோது மார்பில் பால் இல்லை. பிள்ளை வாய் வைத்து இழுப்பாள், ஒன்றும் வராது, முகம் சிவந்து கத்துவாள். என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த நாத்தனார் பூண்டுக் குழம்பும் கருவாடுமாக ஆக்கிப் போட்டார். பலனில்லை. தோட்டத்தில் எல்லோரும் செய்வதுபோல இனிப்பு டின் பாலைக் கரைத்துக் கொடுத்தோம். வயிற்றுப்போக்கு கண்டது. ஈப்போ ஆஸ்பத்திரியில் டின் பாலை நிறுத்தச் சொல்லி மாவுப்பால் கொடுத்தார்கள். அதையும் கக்கினாள். அவள் அழுகைச் சத்தம் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வந்தது. பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டுக் கொல்கிறேனே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதேன்.

“ஆண்டவரே, ஒரு வாய்ப் பால் கொடும்.” எனக்கு வேறு ஜெபம் வரவில்லை.

அதே வாரம் பக்கத்து வீட்டு லெட்சுமியின் ஆண் குழந்தை ஜன்னி கண்டு இறந்துபோனான். கிருபாவைவிடச் சற்று மூத்தவன். நடுவில் பலகைச் சுவர்தான். அவள் அழுவது எனக்குக் கேட்கும், என் பிள்ளை அழுவது அவளுக்குக் கேட்கும். பால் வற்றட்டும் என்று அவள் மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டியிருந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் பச்சைப்பிள்ளை இருக்கும் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது தோட்டத்து வழக்கம். நாங்கள் வேதக்காரர்கள்தான். ஆனாலும் நாத்தனார் கதவைச் சாத்தியே வைத்திருந்தார்.

ஒரு மத்தியானம் கிருபா அழுவதையே நிறுத்திவிட்டாள். கதவைத் தட்டினார்கள். ரவிக்கை நனைந்து லெட்சுமி நின்றாள்.

“பெரியக்கா, பிள்ள சத்தம் கேக்கலையே?”

நாத்தனார் வழியை மறித்தார். “நீ வரக்கூடாதும்மா. போ லா.”

“எம் பிள்ளதான் போயிருச்சு. பாலு போவ மாட்டேங்குதே. குடுங்கக்கா.”

நான் எழுந்து வந்து, நாத்தனாரைத் தாண்டி, பிள்ளையை அவள் கையில் கொடுத்தேன். தரையில் உட்கார்ந்து மார்புக் கட்டை அவிழ்த்தாள். வாடிய மல்லிகை மடியில் கொட்டியது. கிருபா வாய் திறக்கவில்லை. லெட்சுமி ஒரு சொட்டுப் பிழிந்து உதட்டில் தடவினாள். கொஞ்ச நேரத்தில் என் பிள்ளை விழுங்கும் சத்தம் கேட்டது. லெட்சுமி வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். நாத்தனார் அடுப்படிக்குப் போய் முகத்தை மூடிக்கொண்டார்.

அதன்பின் தினமும் வந்தாள். “வாய் வச்சாத்தான் ஊறும், அக்கா” என்று முதலில் என்னிடம்தான் பிள்ளையைப் போடச் சொல்வாள். பிறகு தான் வாங்கிக்கொள்வாள். கிறிஸ்மஸ் நெருங்கும்போது எனக்கும் பால் ஊறிவிட்டது. கேட்டதைக் கர்த்தர் கொடுத்தார்.

எனக்குப் பால் ஊறியதைப் பார்த்த மறுநாள் லெட்சுமி கை நிறைய மல்லிகையோடு வந்தாள். “இனிமே கட்டிரலாம், அக்கா” என்றாள். நான்தான் கட்டிவிட்டேன்.

கிருபா இப்போது ஈப்போவில் பள்ளிக்கூடம் போகிறாள். லெட்சுமியின் பிள்ளையை ஏன் எடுத்தீர் என்று இன்றும் கர்த்தரிடம் கேட்கிறேன். ஆனாலும் பாலில்லாமல் தவிக்கிற சகோதரிகளே, அவரிடம் கேளுங்கள், அவர் கேட்கிறார். உதவி யார் வீட்டிலிருந்து வந்தாலும் கதவைத் திறந்துவிடுங்கள். எங்கள் வீட்டு நன்றி ஜெபத்தில் கிருபாவின் பெயருக்கு முன்னால் அந்தப் பிள்ளையின் பெயரைத்தான் சொல்கிறோம். அவன் பெயர் சேகர்.