திங்கட்கிழமை மட்டும் நின்றுபோன பைக்

என் பழைய பைக் திங்கட்கிழமை காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகி, சற்று நேரத்தில் நின்றுவிடும். மற்ற நாள்களில் கீரனூர் வரை ஒழுங்காக ஓடும். ஒன்றும் புரியாமல், மெக்கானிக் செல்வத்தை அவர் கடைவாசலிலேயே நாலு பேர் பார்க்கத் திட்டிவிட்டேன்.

அடுத்த திங்களன்று அவரே வீட்டுக்கு வந்தார். “எப்பவும் போலச் செய்ங்க சார், பாப்போம்.”

ஏழரைக்கு ராகுகாலம். அதற்குமுன் கிளம்பியதாக இருக்கட்டுமென்று, சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்து, வண்டியை வாசலில் ஓடவிட்டுச் சாப்பிடப் போனேன். மூன்றாவது இட்லியில் வண்டி நின்றது.

“சோக்கை யாரு சார் உள்ள தள்றது? எஞ்சின் சூடானப்புறமும் பெட்ரோல் கூடுதலாப் போனா நிக்காம என்ன செய்யும்?”

மற்ற நாள்களில் ஏறி உட்கார்ந்ததுமே தள்ளிவிடுவேன்.

மணி ஏழே முக்கால். செல்வத்திடம் மன்னிப்புக் கேட்டேன். ராகுகாலத்தில் நான் தொடங்கிய முதல் காரியம் அதுதான்.