துண்டு தோள் மாறினால் அடுத்த படம்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல முடிந்திருந்தால் எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

பாலக்கோடு பக்கம் ஒரு மைக்செட் கடையில் வேலை செய்கிறேன். கல்யாண மண்டபங்களில் பொண்ணு மாப்பிள்ளை படங்களைத் திரையில் ஓட்டுவதும் என் வேலைதான். லேப்டாப்பில் அதற்கு வேண்டிய நாலைந்து பொத்தான்கள் தெரியும். எல்லோருக்கும் பின்னால் உட்கார்ந்துகொள்ளலாம், யாரிடமும் பேச வேண்டியதில்லை. அதனாலேயே எனக்கு அது பிடிக்கும்.

எங்கள் ஊர் ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயின் குறுக்கே புது ரோட்டுக்காக மண் கொட்டினார்கள். அந்த இடத்தில் ஒரு சிறுபாலம் வைத்தால் தண்ணீர் அடியில் போய்விடும். வைக்காவிட்டால் ஏரி நிரம்பாது. ஏரி நிரம்பாவிட்டால் கிணறு ஊறாது, தக்காளி நட முடியாது. மனுமேல் மனு கொடுத்த பிறகு, ஓர் அதிகாரி நேரில் கேட்க ஒப்புக்கொண்டார். பத்து நிமிடம்தான். அதோடு ரோட்டு வேலை முடிவாகிவிடும், பிறகு மாற்ற முடியாது என்றார்கள்.

ஊர் சார்பாகப் பேச என் மனைவியின் அண்ணனைத் தேர்ந்தெடுத்தார்கள். மச்சானுக்கு நல்ல பேச்சு. காட்டுவதற்குப் பன்னிரண்டு படங்கள் எடுத்துவைத்தோம். முதல் படம், சில வருஷம் முன்பு ஏரி கரை முட்ட நிரம்பி நின்றபோது எடுத்தது. அதற்கப்புறம் கால்வாய், மண்மேடு, வெடித்துக் கிடக்கும் ஏரி.

கடையில் இருந்த ரிமோட் பத்தடி தாண்டினால் வேலை செய்யாது. கூட்டம் நடக்கும் மண்டபமோ நீளமானது. லேப்டாப்போடு நான் கடைசியில் இருப்பேன், மச்சான் முன்னால் திரைக்கு முதுகு காட்டி நிற்பார். "அடுத்த படம், அடுத்த படம்னு நான் கத்திக்கிட்டிருந்தா பேச்சு அறுந்துபோயிடும் மாப்ள. நீங்களே ஒரு வழி பண்ணுங்க" என்றார். நான் இரண்டு நாள் யோசித்து ஒரு ஏற்பாடு செய்தேன். அவர் துண்டு இல்லாமல் வெளியே போகமாட்டார். துண்டு ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாறினால் அடுத்த படம். துண்டால் முகம் துடைத்தால் முந்தின படம். தோளிலிருந்து எடுத்துவிட்டால் திரையை இருட்டாக்கிவிட வேண்டும், அவர் வெறுமனே பேசப்போகிறார் என்று அர்த்தம். சாடையைப் பார்த்துவிட்டேன் என்பதற்கு நான் காதைத் தொடுவேன். இன்னொரு விதியும் நானே வைத்தேன். சாடை இல்லாமல் எதையும் தொடமாட்டேன். ஒரு கல்யாணத்தில் நானாக யூகித்துப் படத்தை மாற்றி வாங்கிக்கட்டிக்கொண்டது மறக்கவில்லை.

எங்கள் வீட்டு வாசலில் ஒத்திகை பார்த்தோம். அதிகாரி இடத்தில் நாற்காலி போட்டு என் மனைவி உட்கார்ந்தாள். "தண்ணி கேக்கப் போறீங்களா, கிரிக்கெட்டுக்கு அம்பயரா போறீங்களா?" என்று அண்ணனைக் கிண்டல் செய்தாள். நாலு தடவையும் ஒரு படம் பிசகவில்லை. எனக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொஞ்சம் கர்வம் வந்தது.

அன்றைக்கு அதிகாரி உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்தோம். மச்சான் சட்டென்று துண்டை எடுத்து மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார். பெரிய மனுஷர் முன்னால் அவர் துண்டைத் தோளில் போட்டு நின்றதே இல்லை. அவருக்கு அது நினைத்துச் செய்கிற காரியம் இல்லை, கை தானாகச் செய்வது. ஒத்திகையில் நாற்காலியில் இருந்தது தங்கச்சி. தங்கச்சிக்காக யார் துண்டை எடுப்பார்கள்?

எனக்கு அது உறைக்கவில்லை. துண்டு இறங்கிவிட்டது, முதல் படம் நின்ற திரையை இருட்டாக்கிவிட்டுக் காதைத் தொட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அதிகாரியின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பேசினார். "இதுதாங்க ஐயா கால்வாய்" என்று கருப்புத் திரையைக் காட்டினார். இடையிடையே கை வெறும் தோளைத் தடவியது. அது சாடையா, அரிப்பா? விதிப்படி நான் தொடவில்லை. அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ முணுமுணுத்தார். மச்சானுக்கு வியர்த்துக் கொட்டியது. அக்குளிலிருந்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

முந்தின படம். அழுத்தினேன். அதற்கு முந்தி எதுவும் இல்லாததால், இருட்டு விலகி முதல் படமே வந்தது. ஏரி தளும்ப நின்றது.

"சொட்டுத் தண்ணி இல்லீங்க ஐயா" என்று மச்சான் சொன்னது அந்த நேரத்தில்தான்.

"ஏரி நெறஞ்சுதானே இருக்கு?" என்றார் அதிகாரி.

"நல்லாப் பாருங்கய்யா. இன்னைக்குக் காலையில எடுத்ததுங்க."

முன்வரிசையில் சிரித்தார்கள். அன்று காலையில் புதிதாக எடுத்துச் சேர்த்த காய்ந்த ஏரி ஏழாவது படம். எனக்குத் தெரியும், ஆறு தடவை தட்டினால் வந்துவிடும். இல்லாவிட்டால் எழுந்து, இது பழைய படம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழுந்திருக்கவில்லை. விரல் பொத்தான்மேலேயே இருந்தது, சாடைக்குக் காத்துக்கொண்டு. மச்சான் திரும்பிப் பார்த்து, ஐயா இது வேற படம் என்று தடுமாறியபோது, அதிகாரி காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "பழைய படத்தை இன்னைக்கு எடுத்ததுன்னு சொல்றீங்க. இனி எதை நம்பறது?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த ஊர்க்காரர்களைக் கூப்பிட்டார்கள்.

மரியாதைக்காகத் துண்டை எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று நான் யோசித்திருக்க வேண்டும். அடுத்தது, முந்தினது என்பதற்குப் பதில் எத்தனையாவது படம் என்று விரலால் காட்டச் சொல்லியிருந்தால், ஒன்று தவறினாலும் அடுத்ததில் சரியாகியிருக்கும். இதெல்லாம் இப்போது படுத்துக்கொண்டு கண்டுபிடிப்பது.

ரோடு போட்டுவிட்டார்கள். பாலம் இல்லை. ஊரில் யார் கேட்டாலும் மச்சான், "மாப்ள மேல தப்பில்லீங்க, மிஷின் காலை வாரிடுச்சு" என்கிறார். நான் தலையாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஏழாவது படம் விரலுக்கு அடியில் இருந்தது என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்று நல்ல மழை. ரோட்டுக்கு மேற்கே தண்ணீர் இடுப்பளவு தேங்கி நிற்கிறது, கிழக்கே ஏரி வெடித்தபடி கிடக்கிறது. மச்சான் ரோட்டோரம் குடை பிடித்து நெடுநேரம் நின்றார். பக்கத்தில் போய் நின்றேன். சொல்ல வரவில்லை. இந்தக் காகிதத்தை அவர் கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் எழுதினேன்.

ஐப்பசி மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை.