பதில் வந்தது

"ஒரு சாயா. சர்க்கரை பாதி. பழம்பொரி வேண்டாம். திருப்பிச் சொல்லு மொய்து."

மட்டாஞ்சேரி படகுத்துறைக்கு எதிரே சாயாக்கடை போட்டிருக்கும் மொய்து பாலக்காட்டுக்காரர், பொறுமைசாலி. தம்ளரைக் கழுவிக்கொண்டே, "ஒரு சாயா, பஞ்சார பாதி, பழம்பொரி வேண்டா. மதியோ சாரே?" என்று ஒப்பிப்பார். ஒப்பித்த பிறகுதான் சங்கரலிங்கம் பெஞ்சில் உட்காருவார். பதினோரு வருடமாக அதே சாயா, அதே பாதிச் சர்க்கரை. மொய்து கண்ணைக் கட்டிக்கொண்டுகூடப் போட்டுவிடுவார். ஆனாலும் ஒப்பித்தாக வேண்டும்.

எண்களிலும் மனிதர் இப்படித்தான். காய்கறிக்கார சீனியம்மாளிடம் போய், "வெண்டைக்காய் இரண்டு, ஐந்து, பூஜ்யம் கிராம்" என்பார். "இருநூத்தம்பதுன்னு சொன்னா வாய் சுளுக்கிக்கிடுமா அண்ணாச்சி?" என்று அவள் கேட்காத நாள் கிடையாது. அவருடன் நடக்கிறவர்கள் வலது பக்கமாகத்தான் நடக்க வேண்டும். வலது காதால் கேட்டுத்தான் பழக்கம். வேலையில், ஒலிவாங்கியோடு சேர்ந்த காதுக்கருவியை அதில் மாட்டி மாட்டி, அந்தக் காதுக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு முடியே இல்லை.

தூத்துக்குடிப் பக்கத்து மனிதர். வயது ஐம்பத்தாறு. வேலை, விமானங்களோடு வானொலியில் பேசுவது. தினமும் படகு ஏறி எதிரே இருக்கும் தீவுக்குப் போகிறார். அங்கே விமானம் இறங்கும் இடம் கடற்படைக்குச் சொந்தம். பயணிகள் விமானங்கள் ஒட்டுக் குடித்தனம். கடற்படை பீரங்கிப் பயிற்சி நடத்துகிற நேரங்களில் கடலுக்கு மேலே ஒரு பெரும் பரப்பை மூடிவிடுவார்கள். பம்பாயிலிருந்து வருகிற விமானம் அதைச் சுற்றிக்கொண்டு கிழக்கே வர வேண்டும். அதைச் சொல்வதும், சொன்னதை விமானி திருப்பிச் சொல்லக் கேட்பதும், கேட்டதை மணியோடு பதிவேட்டில் எழுதுவதும் சங்கரலிங்கத்தின் பாடு.

வெயில் காலத்தில் பாதகமில்லை. ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் காதுக்குள் எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிகிற மாதிரி ஒரே இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் ஒரு மனிதக் குரலைத் தேடி எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறவர் வீட்டில் என்ன பேசுவார்? மனைவி விசாலாக்ஷி ஏதாவது கேட்டால், "ஆகாசத்தோட பேசி முடிச்சாச்சு. பூமியோட பேசத் தெம்பில்ல, விசாலம்" என்று சாய்வு நாற்காலியில் விழுவார். அலுப்பு அவருக்கு ஒரு சட்டை மாதிரி. துவைத்து மறுபடியும் அதையே போட்டுக்கொள்கிறார்.

போன வருடம், எண்பத்து மூன்றில், வழி தவறிய ஒரு கொரிய விமானத்தை ரஷ்யர்கள் சுட்டு வீழ்த்திய செய்தி வந்தது. சங்கரலிங்கம் அந்தப் பத்திரிகையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தார். மொய்து காரணம் கேட்டதற்கு, "இருநூத்தி அறுபத்தொம்பது பேரு" என்றார். அதை மட்டும் அவர் இலக்கம் இலக்கமாகச் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவர்தான் இந்த ஜூன் மாதம் சறுக்கினார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள்; பூனை மாதிரி அடி வைக்கிறவருக்கும் சறுக்கும் போலிருக்கிறது.

அன்று இரண்டு மணிக்கு முடிய வேண்டிய பீரங்கிப் பயிற்சியை மூன்று மணி வரை நீட்டியிருந்தார்கள். பம்பாய் விமானம் பாதி வழியில் இருந்தது. அதற்குச் செய்தி சொல்ல வானொலியை விட்டால் வழியில்லை. சங்கரலிங்கம் கூப்பிட்டார். இரைச்சல். மறுபடி கூப்பிட்டார். இரைச்சல். ஏழாவது தடவை, பயிற்சி நீட்டிப்பையும் கிழக்கே சுற்றி வர வேண்டியதையும் முழுசாகச் சொல்லி முடித்தபோது, காதில் 'டக், டக்' என்று இரண்டு சத்தம் கேட்டது.

குரல் எடுபடாதபோது விமானிகள் ஒலிவாங்கியின் பொத்தானை இரண்டு முறை அமுக்குவார்கள். 'கேட்டேன்' என்று அர்த்தம். சட்டப்படி அது பதிலாகாது. வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆனால் மழைக்காலத்தில் அந்த இரண்டு 'டக்'கும் கிடைத்தாலே சாமி கும்பிட்டுவிட்டு எழுதிவிடுவது அந்த அறையின் வழக்கம். அவரும் களைத்திருந்தார். சாயாக்காரரைத் தினமும் ஒப்பிக்க வைக்கிற மனிதர், விமானியை விட்டுவிட்டார். 'பதில் வந்தது' என்று எழுதினார்.

பத்து நிமிடம் கழித்து இரைச்சல் விலகி பம்பாய் விமானியின் குரல் தெளிவாக வந்தது. இவ்வளவு நேரமும் கூப்பிடுகிறேன், கொச்சி ஏன் பேசவில்லை என்று கேட்டது. விமானம் கிழக்கே சுற்றவில்லை. மூடிய பரப்பின் மேலேயே நேராக வந்திருந்தது. அந்த இரண்டு சத்தமும், தெற்கே போய்க்கொண்டிருந்த வேறொரு விமானம் வேறு யாருக்கோ கொடுத்த பதில். சங்கரலிங்கத்துக்கு அந்தக் கணமே எல்லாம் விளங்கிவிட்டது. மழையினால் பீரங்கிகள் அப்போது ஓய்ந்திருந்தன. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. எழுதினதை அவர் திருத்தவில்லை.

ஆனால் பயிற்சி நடத்திய கப்பலில் இருந்தவர்கள் தலைக்கு மேலே விமானத்தைப் பார்த்திருந்தார்கள். விசாரணை வந்தது. செய்தியை வாங்கிக்கொண்டும் விமானி மூடிய வானத்துக்குள் நுழைந்தார் என்று பதிவேடு சொல்லியது. விசாரணை முடிகிற வரை விமானியின் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள்.

மூன்று வாரம் சங்கரலிங்கம் சரியாகத் தூங்கவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னார்.

"ரிட்டயராவ ரெண்டு வருசம் இருக்கு. எழுதுனது எழுதுனதாவே இருக்கட்டுமே," என்றாள் விசாலாக்ஷி. "பொய்யா எழுதிட்டீயன்னு வேலைய விட்டு அனுப்பிச்சிட்டா? அந்த பைலட்டு பெரிய ஆளு. வேற கம்பெனிக்குப் போயிக்கிடுவாரு."

"உரிமம் போனவன எந்தக் கம்பெனியும் சேக்காது."

"நமக்கு யாரு இருக்கா?"

அவள் கேட்டதில் தப்பு இல்லை.

விசாரணை நாளன்று, தீவில் அறைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். குள்ளமாக, நரைத்த மீசையோடு, ஒரு பள்ளிக்கூட வாத்தியார் போல. சங்கரலிங்கம் பியூனிடம் மணி கேட்டதும் அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"நீங்கதானே கொச்சி? இந்தக் குரல் எனக்குத் தெரியுமே!"

பம்பாய் விமானிதான் அவர். பதினோரு வருடம் வானொலியில் ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டவர்கள். அவர் பாலக்காட்டுத் தமிழர் என்பதே சங்கரலிங்கத்துக்கு அன்றுதான் தெரிந்தது. வீட்டில் கூப்பிடும் பெயர் வெங்கிட்டு என்று அவரே சொன்னார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தவருக்கு அந்தச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா?" விமானி குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கு எங்கிட்டேர்ந்து பதில் வந்துதுன்னு எழுதியிருக்கேளாம். எனக்கு ஒண்ணுமே கேக்கலை. ஆனா நீங்க தப்பா எழுத மாட்டேள், எனக்குத் தெரியும். அதான் சம்சயம் வந்துடுத்து. நானே கேட்டுட்டு, பட்டனையும் அமுக்கிட்டு, மறந்துட்டேனோ? வயசாயிடுத்து பாருங்கோ. ராத்திரியெல்லாம் இதே நெனப்பு."

சங்கரலிங்கம் வாயைத் திறந்தார். அதற்குள் பியூன் இருவரையும் உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

விசாரணை அதிகாரி நல்ல மனிதர். பதிவேடு தெளிவாக இருக்கிறது, ஆமோதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு நீங்கள் போகலாம் என்று ஆங்கிலத்தில் சொல்லி, பதிவேட்டை விரித்து வாக்குமூலத் தாளோடு நகர்த்தினார். மேசைக்கு அந்தப் பக்கம் விமானி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கரலிங்கம் பேனாவைத் திறந்தார். வாக்குமூலத் தாளை ஒதுக்கிவிட்டு, 'பதில் வந்தது' என்ற தன் எழுத்தின் மேல், அடியில் உள்ளது படிக்கத் தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் பெயரின் முதலெழுத்துகளையும் அன்றைய தேதியையும் மணியையும் போட்டார். பிறகு பதிவேட்டை அதிகாரியிடம் கொடுக்காமல், அப்படியே திருப்பி விமானியின் முன்னால் வைத்தார்.