கோயில் வண்டிக்கு நான் வாங்கிய பிளக்

கோயில் திடலில் புல் வெட்டிக்கொண்டிருந்த ஒருவனின் பெயரை நான் வேண்டுமென்றே கெடுத்தேன். கைதவறி நடந்ததல்ல. கடையில் நின்று, விஷயம் தெரிந்து, யோசித்துச் செய்தேன்.

மலேசியாவில் பத்து காஜா ஊருக்குப் பக்கத்தில் இருந்த ரப்பர்த் தோட்டத்துக்கு நான்தான் கடைசிக் கிராணி. பெயர் பதிவது, வேலை பிரிப்பது, தப்பு யார்மேல் என்று துரையிடம் சொல்வது, இவைதான் கிராணியின் வேலை. என் அப்பாவும் கிராணி. தோட்டத்தை விற்று, மரங்களைச் சாய்த்து, வீடுகள் கட்டிவிட்டார்கள். மாரியம்மன் கோயிலும் திடலும் மிஞ்சின. தீமிதிக்கு மட்டும் பழைய சனங்கள் ஈப்போவிலிருந்தும் பீடோரிலிருந்தும் வந்து கூடுவார்கள். பூக்குழி இறங்குவதற்கு முன் பூசாரி முதல் பரிவட்டத்தைக் கிராணி தலையில் கட்டுவார். அப்பாவுக்குக் கட்டினார்கள், அப்புறம் எனக்கு. தோட்டமே போன பிறகும் அந்த வழக்கம் போகவில்லை.

திடலில் லாலாங் புல் இடுப்பளவு வளரும். உட்கார்ந்தபடி ஓட்டும் புல்வெட்டி வண்டி ஒன்றைக் கமிட்டி பழசாக வாங்கியது. அதை ஓட்டியவன் எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய குடும்பத்துப் பிள்ளை. ஈப்போவில் லோரி ஓட்டினான். மனைவி இறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்குப் போக்கிடம் அந்தத் திடல்தான். என்னைவிட இருபது வயதுதான் சின்னவன், அவனுக்கே பேரன் இருக்கிறான். இருந்தும் எழுதும்போது ‘அவன்’ என்றுதான் எனக்கு வருகிறது.

ஒரு தீமிதியில் பூசாரி, “இந்த வருசம் திடல இவ்வளவு சுத்தமா வச்சிருக்கறவனுக்குக் கட்டுவோம்” என்று சொல்லிப் பரிவட்டத்தை அவன் தலையில் கட்டிவிட்டார். கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன்.

மறு வருடம் திருவிழா நெருங்கும்போது வண்டி விக்கி விக்கி ஓடியது. இன்ஜினின் ஸ்பார்க் பிளக் இரண்டையும் மாற்ற வேண்டும் என்றான். நான் ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போகவிருந்தேன். பழைய பிளக் இரண்டையும் கழற்றி, ஒன்றைச் சாமான் பெட்டியில் போட்டுவிட்டு, மற்றதைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தான்.

“கிராணியாரே, பொஸ்தகம் இங்கிலீசுல இருக்கு, எனக்கு விளங்கல. இதே மாதிரி ரெண்டு பாத்து வாங்கியாந்துடுங்க.”

ஈப்போவில் உதிரிப்பாகக் கடை வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே, நல்ல மனிதர். பழைய பிளக்கைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு இரண்டு புதுப் பிளக்குகளை எடுத்து அதன் பக்கத்தில் நிறுத்தினார். இரண்டும் ஒரே தடிமன், ஒரே ஸ்பேனரில் திரும்பும். ஒன்றின் திருகுமரை பழையதைப் போலவே குட்டை, மற்றதன் மரை நீளம். “இனி பாஞ்சாங், தா போலே லா,” இது நீளம், சரிப்படாது என்று நீளமானதைத் தள்ளிவைத்தார். அதுவும் அதே துளையில் சிரமமில்லாமல் ஏறிவிடும், ஆனால் நுனி உள்ளே நீண்டுகொண்டு நிற்கும், இன்ஜின் சுற்றியதும் பிஸ்டன் வந்து அடிக்கும் என்று மலாயில் பொறுமையாக விளக்கினார். நான் நன்றி சொன்னேன். வீட்டில் வேறொரு வண்டி இருக்கிறது, அதற்குத்தான் என்று சொல்லி நீளமானதில் இரண்டு வாங்கினேன். அவன் கொடுத்த மாதிரியைக் கடை வாசலில் இருந்த குப்பைத்தொட்டியில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் பூட்டினான். சாமியைக் கும்பிட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினான். உள்ளே இரும்போடு இரும்பு மோதியது. அவன் பதறிச் சாவியை மூடுவதற்குள் இன்ஜின் நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றினால் நுனி நசுங்கியிருந்தது. பிஸ்டனும் போய்விட்டது.

“இவன் கொடுத்த மாதிரியக் காட்டித்தான் வாங்கினேன்” என்றேன். “மாதிரியே தப்பு போல.”

அவன் தன் சாமான் பெட்டியைத் திறந்து கிளறினான். அதில் வேறு இயந்திரங்களின் பிளக்குகளும் குட்டையும் நீளமுமாகக் கலந்து கிடந்தன, எது வண்டியுடையது என்று தெரியவில்லை. வெகுநேரம் பார்த்தான். “நான்தான் மாத்தி எடுத்துக் குடுத்துட்டேன் போல,” என்றான்.



“ராஜா மாதிரி குந்திக்கிட்டு ஓட்டுனான்ல, இப்ப எறங்கி வெட்டட்டும்லா,” என்றான் ஒருவன். வண்டி ஓட்டியவனும் அப்படியே இறங்கித்தான் வெட்டினான். தோளில் மாட்டும் மெஷினால், வெயிலில், திடல் முழுவதையும். பூக்குழி இறங்கக் காப்புக் கட்டியிருந்தான். அம்மன் வண்டியை அழித்த கை என்று பூசாரி அந்தக் காப்பை அவிழ்த்துவிட்டார். அந்த வருடம் பரிவட்டம் எனக்கு. அதைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது, பூக்குழியைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் வெறும் மணிக்கட்டோடு அவன் நிற்பதைப் பார்த்தேன். மகிழ்ச்சியாக இருந்தது. இதை மறைத்தால் மற்றதெல்லாம் எழுதிப் பயனில்லை.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. சிலிம் ரிவர் என்ற ஊரில் மகள் வீட்டோடு போய்விட்டான். மாப்பிள்ளைகூட அவனை ‘கோயில் வண்டி’ என்று கூப்பிடுகிறாராம். ஒரு துக்க வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வருடம் வண்டிக்கு வேறு இன்ஜின் போட்டுக் கொடுத்தேன். கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று, கடையில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பிறகு தலைவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

“செய்தவனே ஒத்துக்கிட்டான், கிராணியாரே. அவன் பாவத்த நீங்க எதுக்குச் சுமக்குறீங்க?”

இல்லை என்றேன். நான் மறுக்க மறுக்க அவர்கள் கண் கலங்கியது. ஐம்பது வருடமாக யார்மேல் தப்பு என்று நான் கை காட்டியதை நம்பியவர்கள், அந்தக் கை என் பக்கம் திரும்பியபோது நம்ப மறுத்தார்கள். தலைவர் அவனுக்குப் போன் போட்டு, “ஒனக்காக இன்ஜினும் போட்டு, பழியும் ஏத்துக்கிட்டாரு. வந்து கால்ல விழு” என்று சொல்லிவிட்டார்.

அவனும் வந்தான். பஸ் பிடித்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. கோயில் மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் குனிந்தான். நான் பின்வாங்கினேன்.

“விழாதே. நீ குடுத்த மாதிரி சரியானதுதான். நான் தெரிஞ்சேதான் நீளமானத வாங்கினேன். உன்னுடையதக் குப்பையில போட்டுட்டேன்.”

அவன் மெதுவாக நிமிர்ந்தான். “குட்டையாத்தான் இருந்துச்சா?”

“குட்டைதான்.”

அவன் நம்பினான். அவன் ஒருவன்தான் நம்பினான். கமிட்டிக்காரர்களைத் திரும்பிப் பார்த்து, “கேட்டீங்களா?” என்றான்.

தலைவர் சிரித்தார். “கேட்டோம்பா. ஒன் மனசு நோகக்கூடாதுன்னு ஒன் மூஞ்சிக்கு நேராவே சொல்றாரு பாரு. இப்பிடி ஒரு மனுசன் கெடைப்பாரா?”

அவன் முகம் முகம்போலவே இல்லை. என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னான்.

“இனிமே எனக்காகப் பேசாதீங்க. நீங்க பேசப் பேச நான்தான் கெட்டவனாகுறேன்.”

பஸ் ஸ்டேண்டுவரை காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அவன் வெயிலில் இறங்கி நடந்தான். தலைவர் வாழைப்பழச் சீப்பை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“பாத்தீங்களா, கிராணியாரே, ஒரு நன்றிகூடச் சொல்லாமப் போறான்.”