நாலு பேருக்கு ஊர்ப்பந்தி

ஆறாம் மாடியில், கூரையிலிருந்து குளிர்காற்று இறங்கும் கம்பிவலைக்கு நேர் கீழே நின்று அக்கா புறங்கையை உயர்த்திப் பிடிக்கிறார். சுவரிலுள்ள வெப்பமானி இருபத்துநான்கு டிகிரி என்கிறது. அவர் அதை நம்புவதில்லை. "அது பொய் சொல்லும். அந்தப் பொண்ணு இழுத்துப் போத்திட்டு உக்காந்திருக்கா பாருங்க, அதான் நெச மீட்டர்."

பத்து மாடி அலுவலகத்துக்கும் அடித்தளத்தில் ஒரே குளிரூட்டும் இயந்திரம். அதை இருபத்தோரு ஆண்டுகளாக ஓட்டுகிறார். எல்லோருக்கும் அவர் 'ஏசி அக்கா'. புகார் சொல்லும்போது மட்டும் 'மேடம்'. ஒரே அறையிலிருந்து வேர்க்கிறது என்று ஒருவரும் விறைக்கிறது என்று இன்னொருவரும் அழைப்பதுண்டு. இருவருக்கும் "இதோ சரி பண்றேன்" என்பார். எதையும் தொடாமல், பத்து நிமிடம் கழித்து, "இப்ப எப்படி?" என்று கேட்பார். தேவலை என்பார்கள்.

இயந்திரத்தின் குணம் அவருக்கு அத்துப்படி. எல்லா மாடிக்கும் ஒரேயளவு குளிர வைக்கும். நடுங்கும் அறைகளுக்கு அதே காற்றை மறுபடி சூடாக்கி அனுப்பும். "ஒரு கையால அடுப்பு மூட்டி, இன்னொரு கையால தண்ணி ஊத்துற கதை." சனிக்கிழமை ஐந்தாம் மாடிக்கு மட்டும் நாலு பேர் வந்தாலும் முழுக் கட்டடமும் குளிரும். "நாலு பேருக்கு ஊர்ப்பந்தி!"

போன மாதம் அதை மாற்றும் வேளை வந்தது. விற்பனையாளர் ஒருவர் இன்னும் பெரிய இயந்திரத்தின் படத்தோடு வந்தார். முதலாளி கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார். அக்கா கூப்பிடாமலே உள்ளே போனார். ஓராண்டு மின்சார அளவுகளைக் குறித்திருந்த ஒற்றைத் தாளை மேசையில் வைத்தார்.

"பெருசு வேணாம் சார். மாடிக்கு ஒண்ணா சின்னதா வைங்க. ஆள் இருக்கிற மாடி மட்டும் ஓடட்டும். இப்ப ஆகுற கரண்ட்ல பாதி போதும்."

விற்பனையாளர் சிரித்தார். "பெருசுன்னா நிம்மதி, அக்கா."

"யாருக்கு தம்பி?"

முதலாளி பேனாவை மூடினார். அக்கா பக்கம் திரும்பினார். "சின்னதுன்னா அதுவா ஓடும், அதுவா நிக்கும். கீழே ஆளே வேணாம். அப்ப உங்க வேலை?"

அந்தக் கேள்வியோடுதான் மூன்று வாரமாக அக்கா தூக்கமில்லாமல் புரண்டு படுத்திருந்தார். மகளுக்கு இன்னும் ஓராண்டுப் படிப்பு பாக்கி.

"அது வேற விஷயம் சார். இது வேற விஷயம்."

மேசையில் தாள் அக்கா பக்கம் பார்த்தபடியே கிடந்தது. முதலாளி படிக்க வாகாக, அக்காவே இரு விரலால் அதைத் திருப்பி வைத்தார்.